சாவியைப் பிடுங்கியது தவறு, ஃபைன் போட்டது சரி

கேள்வி:

வக்கீலம்மாவுக்கு வணக்கமுங்க. எனக்கு வயது 46. காங்கேயத்தில் ஓர் அரிசி ஆலையில் கணக்குப் பார்க்கிறேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் வீட்டுக்காரியும் தாராபுரம் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்கு வண்டியில் போனோம். நான் ஹெல்மெட் போட்டிருந்தேன். அவள் தலையில் பூ வைத்திருந்ததால் போடவில்லை. ஒரு வளைவு தாண்டியதும் வேப்பமரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு போலீஸ்காரர் லத்தியை நீட்டிக்கொண்டு நடுரோட்டுக்குப் பாய்ந்தார். பிரேக் பிடித்ததில் வண்டி சறுக்கி, அவள் காலை ஊன்றித்தான் விழாமல் தப்பித்தாள். அதற்குள் இன்னொருவர் சாவியை உருவிக்கொண்டு "எங்கடா பறக்கற?" என்றார். டிஜிலாக்கரில் லைசென்ஸும் ஆர்.சி.யும் காட்டினேன். "போனெல்லாம் செல்லாது, ஒரிஜினல் எங்கே?" என்றார்கள். 40 நிமிடம் வெயிலில் நிற்க வைத்து, பின்னால் இருந்தவர் ஹெல்மெட் போடவில்லை என்று 1000 ரூபாய் ஃபைன் போட்டு ரசீது கொடுத்தார்கள். அந்த நேரத்தில் கட்சிக் கொடி கட்டிய இரண்டு கார்களை ஒன்றும் கேட்காமல் விட்டார்கள். ஹெல்மெட் போட்டிருந்தவனுக்கு எதற்கு ஃபைன்? எங்களைத் திருடனைப் போல நடத்த இவர்களுக்கு என்ன அதிகாரம்? எஸ்.பி.க்குக் கொடுக்க எழுதிய மனுவின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். அந்த ரோட்டில் இனிமேல் வண்டி எடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டோம். பிளஸ் ஒன் படிக்கிற பையனையும் டியூஷனுக்கு எக்ஸ்.எல்.லில் வாய்க்கால் மேட்டு வழியாகப் போய்வரச் சொல்லியிருக்கிறேன்.

பதில்:

வணக்கமுங்க.

உங்கள் கடிதத்தையும் மனுவையும் இரண்டு தடவை படித்தேன். முதலில், வீட்டுக்காரம்மாவுக்குக் கால் இப்போது எப்படி இருக்கிறது? மூன்று பக்க மனுவில் அவர் காலை ஊன்றித் தப்பித்தது ஒரே வரியில் வருகிறது. ஆயிரம் ரூபாய் ஒன்றரைப் பக்கத்துக்கு வருகிறது. இந்த மனுவை இப்படியே கொடுக்காதீர்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் அதுதான்.

அன்றைக்கு அந்த வளைவில் இரண்டு காரியங்கள் நடந்தன. நீங்கள் செய்த விதிமீறலும் அதற்குப் போட்ட அபராதமும் ஒன்று. உங்களை நிறுத்திய விதம் மற்றொன்று. முதலாவதில் சட்டம் அவர்கள் பக்கம் நிற்கிறது, இரண்டாவதில் உங்கள் பக்கம். இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கொண்டுபோய் எஸ்.பி. அலுவலகத்தில் இறக்கினால் யாரும் அவிழ்த்துப் பார்க்க மாட்டார்கள். 'ஹெல்மெட் இல்லாமல் வந்தவர், அபராதம் விதித்த ஆத்திரத்தில் மனு கொடுத்துள்ளார்' என்று ஒரு வரி அறிக்கையோடு முடித்துவிடுவார்கள். நியாயமான மனுக்கள் இப்படிச் செத்துப் போனதை ஈரோட்டில் வக்கீல் தொழில் பார்க்கும் இந்த 22 வருஷத்தில் நிறையப் பார்த்துவிட்டேன்.

ஹெல்மெட்டிலிருந்து தொடங்குகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 129-ஆவது பிரிவு, இருசக்கர வண்டியை ஓட்டுகிறவரோடு, அதில் ஏறி வருகிற நான்கு வயதுக்கு மேற்பட்டவர்களும் தலைக்கவசம் அணிய வேண்டும் என்கிறது. சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு, 2015 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் இதைக் கண்டிப்பாக்கியபோது பின்னால் உட்காருபவரையும் சேர்த்துத்தான் சொன்னது. 2019-இல் சட்டத்தைத் திருத்தியபோது சேர்த்த 194-டி பிரிவு, இதற்கு 1000 ரூபாய் அபராதத்தோடு மூன்று மாதம் லைசென்ஸ் தகுதிநீக்கத்தையும் வைத்தது. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரிலிருந்து உயர்த்திய கட்டணம் நடைமுறையில் இருக்கிறது. ஹெல்மெட் போட்டிருந்த உங்கள் பெயரில் ரசீது வந்தது ஏன் என்றால், அந்தப் பிரிவு பிடிப்பது விதியை மீறி வண்டியை ஓட்டுகிறவரையும் ஓட்ட விடுகிறவரையும்தான். பின்னால் ஏறியவர் தலையில் ஹெல்மெட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வண்டியை எடுக்க வேண்டிய பொறுப்பு ஓட்டுகிறவருக்கு. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: அபராதத்தைக் கட்டி முடித்துவிட்டாலும் லைசென்ஸ் மீதான நடவடிக்கையிலிருந்து அது காப்பாற்றாது என்று 200-ஆவது பிரிவிலேயே எழுதியிருக்கிறது. உங்கள் லைசென்ஸைக் கைப்பற்றி ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பியிருந்தாலும் சட்டப்படி சரியாகத்தான் இருந்திருக்கும்.

பூ வைத்திருந்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு பெண்ணாக எனக்கு அது புரிகிறது. விசேஷத்துக்கென்று கொண்டை போட்டு நாலு முழம் மல்லிகை சுற்றிய தலையில் எதைக் கவிழ்ப்பது? ஆனால் பூவை வாழை இலையில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, விசேஷ வீட்டு வாசலில் இறங்கி வைத்துக்கொள்ள முடியும். 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. அதில் 17,884 பேர் தமிழ்நாட்டில் இறந்தவர்கள். நாடு முழுவதும் ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் 50,029. அவர்களில் 14,337 பேர் வண்டியை ஓட்டவே இல்லை, பின்னால் உட்கார்ந்து வந்தவர்கள். இந்த எண்கள் எனக்கு வெறும் எண்கள் இல்லை. விபத்து இழப்பீட்டு வழக்குகளில் ஒரே கதை திரும்பத் திரும்ப வரும். ஓட்டிய கணவருக்குச் சிராய்ப்பு. ஒருபக்கமாக உட்கார்ந்து வந்த மனைவிக்குப் பின்மண்டையில் அடி. கூண்டில் ஏறி நின்று, "வேகத்தடையில தூக்கிப் போட்டுதுங்க, திரும்பிப் பார்த்தா ஆளைக் காணமுங்க" என்று சொல்லிவிட்டு அதற்கு மேல் பேச முடியாமல் நின்ற ஒரு மனிதரை எனக்கு மறக்கவே முடியவில்லை. அவருக்கும் உங்கள் வயதுதான் இருக்கும்.

ஆகவே அந்த ஆயிரத்தை மறந்துவிடுங்கள். கட்டியது கட்டியதுதான்.

அடுத்தது, நிறுத்துகிற அதிகாரம். சட்டத்தின் 130-ஆவது பிரிவுப்படி சீருடையில் இருக்கும் எந்தப் போலீஸ்காரர் கேட்டாலும் பொது இடத்தில் வண்டி ஓட்டுகிறவர் லைசென்ஸைக் காட்ட வேண்டும். கேட்பவர் காவலராக இருந்தாலும் ஏட்டாக இருந்தாலும் சரி. உங்கள் மேல் முன்கூட்டியே சந்தேகம் இருந்திருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு எதிர்பார்க்கவில்லை. அது எதிர்பார்ப்பது சீருடையை மட்டும்தான். இது அளவுக்கு மீறிய அதிகாரம் என்று வாதாடுகிற வக்கீல்கள் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. லைசென்ஸ் இருக்கிறதா, இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா, ஓட்டுகிறவர் குடித்திருக்கிறாரா என்பதெல்லாம் தூரத்தில் நின்று பார்த்தால் தெரியாது. ஒரு வழக்கில், இன்சூரன்ஸ் இல்லாத வண்டி மோதி இறந்த ஒரு தறி ஓட்டுநரின் குடும்பத்துக்கு லட்சக்கணக்கில் தீர்ப்பு வாங்கிக் கொடுத்தேன். தீர்ப்பை நிறைவேற்றப் போனால் மோதியவரிடம் ஜப்தி செய்ய ஓர் ஓட்டு வீடும் இரண்டு எருமைகளும்தான் இருந்தன. அந்த அம்மா இன்னும் பவானி பக்கம் கூலிக்கு ஜமுக்காளம் நெய்துகொண்டிருக்கிறார். யாராவது ஒரு போலீஸ்காரர் அந்த வண்டியை ஒரு வாரம் முன்னால் மறித்து இன்சூரன்ஸ் கேட்டிருந்தால் என்று நான் நினைக்காத நாள் இல்லை. வாகனத் தணிக்கை வேண்டும். அதை நான் மனதாரச் சொல்கிறேன்.

அது வேண்டும் என்பதால்தான் அதைச் செய்கிற விதத்தைப் பற்றி எனக்கு இவ்வளவு கோபம்.

போனில் காட்டியது செல்லாது என்றார்கள் அல்லவா, அது அப்பட்டமான தவறு. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 139-ஆவது விதியை 2018-இல் திருத்தி, ஆவணங்களைத் தாளாகவோ மின்னணு வடிவிலோ காட்டலாம் என்று ஆக்கிவிட்டார்கள். டிஜிலாக்கரிலும் எம்-பரிவாகன் செயலியிலும் இருக்கிற லைசென்ஸும் ஆர்.சி.யும் அசலுக்குச் சமம். 2020 அக்டோபர் முதல், மின்னணு முறையில் சரிபார்த்த ஆவணத்துக்குத் தாளைக் கேட்கவே கூடாது என்றும் விதி வந்துவிட்டது. ஒரே எச்சரிக்கை: லைசென்ஸைப் படம் பிடித்து கேலரியிலோ வாட்ஸ்அப்பிலோ வைத்திருப்பது இதில் சேராது. நிறையப் பேர் அதைக் காட்டிவிட்டுச் சண்டை போடுகிறார்கள். நீங்கள் டிஜிலாக்கரைத்தான் காட்டினீர்கள் என்றால் மனுவில் அந்த வார்த்தையை அப்படியே எழுதுங்கள்.

சாவிக்கு வருகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் முழுவதையும் புரட்டினாலும் ஓடிக்கொண்டிருக்கும் வண்டியிலிருந்து சாவியை உருவலாம் என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. வண்டியைக் கைப்பற்றி நிறுத்தி வைக்கும் அதிகாரம் 207-ஆவது பிரிவில் இருக்கிறது. அது லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால், வயது வராதவர் ஓட்டினால், பதிவு இல்லாத வண்டியாக இருந்தால், பெர்மிட் வேண்டிய வண்டிக்குப் பெர்மிட் இல்லாவிட்டால். அந்தப் பட்டியலில் ஹெல்மெட் கிடையாது. சாவி ஒரு சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஆனால் அதைப் பிடுங்கிய நிமிஷத்திலிருந்து நீங்கள் ஒரு குடிமகனாகப் பேச முடியாது, சாவிக்காகக் கெஞ்சுகிறவராகத்தான் பேச முடியும். 40 நிமிடம் வெயிலில் நின்றீர்களே, சாவி உங்கள் கையில் இருந்திருந்தால் நின்றிருப்பீர்களா? செலான் போட இரண்டு நிமிடம் போதும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு மரத்துக்குப் பின்னாலிருந்து பாய்ந்தது. வளைவு தாண்டிய இடத்தில், வேகத்தில் வருகிற இருசக்கர வண்டிக்கு முன்னால் ஒருவர் திடீரென்று குதித்தால் ஓட்டுகிறவருக்கு இரண்டே வழிதான்: அவர் மேல் ஏற்றுவது, அல்லது பிரேக்கை அழுத்தித் தானே விழுவது. 2018 மார்ச் 7 அன்று திருச்சியை அடுத்த துவாக்குடியில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஹெல்மெட் தணிக்கையில் நிற்காமல் போன ஒரு தம்பதியைக் காவல் ஆய்வாளர் விரட்டிப் போய் வண்டியை எட்டி உதைத்தார். பின்னால் உட்கார்ந்து வந்த மனைவி விழுந்து இறந்தார். ஆய்வாளர் கைதானார். ஹெல்மெட் சட்டம் எந்தத் தலையைக் காப்பாற்ற வந்ததோ, அந்தத் தலையே தரையில் மோதியது. உங்கள் வீட்டுக்காரம்மா காலை ஊன்றிய அந்த நொடிக்கும் துவாக்குடிக்கும் இடையில் பெரிய தூரம் இல்லை. அதனால்தான் மனுவில் அது முதல் பத்தியில் வர வேண்டும் என்கிறேன்.

வாளையாறு தாண்டினால் இதைப் பற்றிய நல்ல தீர்ப்பு ஒன்று இருக்கிறது. 2019 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம், ஹெல்மெட் போடாதவர்களை விரட்டிப் பிடிக்கக் கூடாது, நடுரோட்டில் பாய்ந்து மறிக்கவும் கூடாது, கேமரா போன்ற கருவிகளால் வண்டி எண்ணைப் பதிந்து நடவடிக்கை எடுங்கள் என்று சொன்னது. அது நம் மாநிலப் போலீஸைக் கட்டுப்படுத்தாது. என்றாலும் மனுவில் எடுத்துக் காட்டலாம். அதற்கான வழியை மத்திய அரசும் 2021-இல் 167-ஏ என்ற விதியைச் சேர்த்துத் திறந்து வைத்திருக்கிறது. வேகக் கேமரா, உடலில் மாட்டும் கேமரா, எண் பலகையைப் படிக்கும் கேமரா எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு. குற்றம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்று காலக்கெடுவும் உண்டு. எண்ணைக் குறித்து அனுப்பினால் முடிகிற காரியத்துக்கு எதற்கு ஓர் ஆளின் உயிரையும் அவர் வீட்டுக்காரியின் உயிரையும் பணயம் வைக்க வேண்டும்?

"எங்கடா" என்ற வார்த்தையைப் பற்றி நீங்கள் மனுவில் எழுதவில்லை, கடிதத்தில் மட்டும் எழுதியிருக்கிறீர்கள். வெட்கப்பட்டு விட்டீர்கள் என்று நினைக்கிறேன். பெற்ற பிள்ளையையே "வாங்க கண்ணு, சாப்புடுங்க" என்று கூப்பிடுகிற சீமை இது. வீட்டுக்காரியின் முன்னால், வழியில் போகிறவர்கள் பார்க்க, ஒரு 'டா' எவ்வளவு ஆழமாக இறங்கும் என்று இங்கே பிறந்த எனக்குத் தெரியும். என் அப்பா சங்ககிரியில் லாரி டிரைவர். சின்ன வயதில் ஒரு லீவுக்கு அவரோடு லாரியில் போனபோது, ஒரு சோதனைச் சாவடியில் என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருந்திருக்கக்கூடிய ஒரு பையன், யூனிஃபார்ம் போட்ட தைரியத்தில் அப்பாவை 'டா' போட்டான். அப்பா லைசென்ஸுக்குள் மடித்து வைத்திருந்த நோட்டை நீட்டிவிட்டு வந்து ஏறினார். அன்றைக்கு முழுக்க என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. நான் சட்டம் படிக்கப் போனதற்கு அந்தச் சாவடிக்கும் ஒரு பங்கு உண்டு. அந்த வார்த்தையை மனுவில் எழுதுங்கள், மேற்கோள் குறிக்குள், அவர் சொன்னபடியே.

வார்த்தையோடு நிற்காத இடங்களும் உண்டு. 2021 ஜூனில், ஊரடங்கு நேரம், சேலம் மாவட்டம் பாப்பநாயக்கன்பட்டிச் சோதனைச் சாவடியில் ஒரு சிறு வியாபாரியை அடித்தார்கள். அவர் இறந்துபோனார். சிறப்பு உதவி ஆய்வாளர் ஒருவர் கைதானார். 2022 ஜூனில் கோவை அவிநாசி ரோட்டில் உணவு டெலிவரி செய்கிற ஒரு தொழிலாளியைப் போக்குவரத்துக் காவலர் கன்னத்தில் அறைந்த வீடியோ வெளிவந்து, அந்தக் காவலர் கைதானார். இரண்டு இடத்திலும் நடவடிக்கை வந்ததற்கு முக்கியக் காரணம், பார்த்தவர்கள் போனில் பதிந்து வைத்திருந்ததுதான். பொது இடத்தில் நடக்கும் வாகனத் தணிக்கையைப் படம் எடுப்பதை மோட்டார் வாகனச் சட்டம் தடுக்கவில்லை. முகத்துக்கு நேரே போனை நீட்டி வம்பு வளர்க்காமல், பின்னால் இருப்பவர் அமைதியாகப் பதிவு செய்துகொண்டால் போதும்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையானவள் ஆக மாட்டேன். 2021 நவம்பரில் கரூரில் சாலையோரம் தணிக்கையில் நின்ற மோட்டார் வாகன ஆய்வாளர் மீது வேன் மோதி அவர் இறந்தார். கையைக் காட்டினால் நிறுத்தாமல் ஆளை நோக்கியே வண்டியை விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயத்தில்தான் சாவியில் கை போகிறது என்று என்னிடம் வழக்குக்காக வந்த காவலர் ஒருவரே சொல்லியிருக்கிறார். மதியம் இரண்டு மணிக்குத் தார் ரோட்டில் நிற்கிறவருக்கு, இன்றைக்கு எத்தனை கேஸ் ஆச்சு என்று மேலிருந்து போன் வந்துகொண்டே இருக்குமாம். எண்ணிக்கை கேட்கிற அந்தப் பழக்கம்தான் ஆட்களை மரத்துக்குப் பின்னால் ஒளிய வைக்கிறது என்பது என் கருத்து. நூறு மீட்டர் முன்னாலேயே தடுப்பு வைத்து, 'வாகனத் தணிக்கை' என்று போர்டு வைத்தால் நிறையப் பேர் பார்த்துவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொள்வார்கள். கேஸ் குறையும். தலைகள் தப்பும். எது வேண்டும் என்று மேலே இருக்கிறவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

கொடி கட்டிய கார்கள் விஷயம் உண்மையாகவே வேதனை தருவது. எக்ஸ்.எல்.லில் மூட்டை ஏற்றி வருகிறவரையும், பனியன் கம்பெனி ஷிஃப்ட் முடிந்து வருகிற வடமாநிலப் பையனையும், சனிக்கிழமை சாயங்காலம் வாரச் சம்பளத்தோடு பல்லடம் ரோட்டில் போகிற தறிக்காரரையும் நிறுத்துகிற கை, அந்தக் கார்களைக் கண்டால் தானாகக் கீழே இறங்குகிறது. ஆனால் கார் எண் உங்களிடம் இல்லை. எண் இல்லாமல் மனுவில் எழுதினால் 'அப்படி எந்த வாகனமும் வரவில்லை' என்று ஒரு பதில் வரும், அதோடு மற்றவையும் நீர்த்துப் போகும். மனதை இறுக்கிக்கொண்டு அந்தப் பத்தியை வெட்டிவிடுங்கள்.

இப்போது மனு. ஒரே பக்கம் போதும். செலான் ரசீதில் தேதி, நேரம், இடம் எல்லாம் இருக்கும், அதிகாரியின் விவரமும் இருக்கும். அதை அப்படியே எடுத்து எழுதி, ரசீதின் நகலை இணையுங்கள். 'விதிமீறலை ஒப்புக்கொண்டு அபராதம் செலுத்திவிட்டேன், அதுகுறித்து எனக்குப் புகார் இல்லை' என்பதை முதல் வரியாக வையுங்கள். அந்த ஒரு வரி எதிராளியின் கையிலிருக்கிற ஆயுதத்தை வாங்கிவிடும். அதற்கடுத்து வளைவில் பாய்ந்தது, மனைவி விழப் பார்த்தது, சாவி, வார்த்தை, டிஜிலாக்கரை மறுத்தது, 40 நிமிடம். காலுக்கு எந்த ஆஸ்பத்திரியிலாவது காட்டியிருந்தால் ஓ.பி. சீட்டின் நகலையும் வையுங்கள். வீட்டுக்காரம்மா தன் பெயரில் தனியாக ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். அடிபடப் பார்த்தது அவர்தான். பக்கத்தில் கடையோ பெட்ரோல் பங்கோ இருந்தால் அங்கே கேமரா இருக்கிறதா என்று இன்றைக்கே போய்ப் பாருங்கள். பதிவுகள் சில வாரத்தில் அழிந்துவிடும், ஏற்கனவே ஒரு மாதம் ஓடிவிட்டது. மனுவை ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட்டில் எஸ்.பி.க்கு அனுப்புங்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்து குறைதீர்க்கும் நாளில் ஒரு நகல் கொடுத்து எண் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்தில் பதில் இல்லாவிட்டால் மாநில மனித உரிமை ஆணையம் இருக்கிறது. சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். அந்த ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021-இல் தீர்ப்பளித்திருக்கிறது. அது வெறும் காகிதம் இல்லை.

ரசீது கொடுத்திருக்கிறார்கள் என்பதால் லஞ்சம் பற்றி உங்களிடம் அதிகம் பேச வேண்டியதில்லை. படிக்கிற மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. ரசீது இல்லாமல் பாதியைக் கொடுத்து முடித்துக்கொள்வது, ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு கொடுத்தவருக்கும் குற்றம். மிரட்டி வாங்கினார்கள் என்றால் 7 நாளுக்குள் புகார் செய்தால்தான் கொடுத்தவருக்குப் பாதுகாப்பு.

அந்த ரோட்டில் இனி வண்டி எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். அது உங்கள் ஊர் ரோடு, தாராளமாகப் போங்கள். கையைக் காட்டினால் இடதுபக்கம் ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்து, சாவியை நீங்களே எடுத்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பிறகு பேசுங்கள். நிற்காமல் மட்டும் போகாதீர்கள். சட்டப்படியான உத்தரவை மீறினால் 179-ஆவது பிரிவில் 2000 ரூபாய் வரை அபராதம் தனியாக வரும், அதைவிட துவாக்குடியை நினைத்துப் பாருங்கள்.

கடைசியாக, நீங்கள் கடைசியில் எழுதிய வரி. உங்கள் மூன்று பக்க மனுவைவிட அந்த ஒற்றை வரிதான் என்னை அதிகம் தொந்தரவு செய்தது. பிளஸ் ஒன் படிக்கிற பையன் என்றால் வயது 16 இருக்கும். 16 வயதில் லைசென்ஸ் வாங்க முடிவது 50 சி.சி.க்கு மேற்படாத வண்டிக்கு மட்டும். எக்ஸ்.எல். 100 அதைப் போல இரண்டு மடங்கு. அவனுக்கு லைசென்ஸ் இருக்க வழியே இல்லை. 2019 திருத்தத்தில் வந்த 199-ஏ பிரிவின்படி, வயது வராதவர் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் குற்றவாளி ஸ்தானத்தில் நிற்பது பெற்றோரும் வண்டிச் சொந்தக்காரரும். மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது முடியும் வரை லைசென்ஸ் கிடைக்காது. எனக்குத் தெரியாமல் எடுத்துப் போனான் என்று நிரூபித்தால் தப்பிக்கலாம் என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நீங்கள்தான் போகச் சொன்னதாக எனக்கே எழுதியிருக்கிறீர்கள். அவன் யார் மீதாவது மோதிவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி அவர்களுக்குக் கொடுத்துவிட்டு அந்தத் தொகையை உங்களிடம் வசூலிக்கும். அரிசி ஆலைக் கணக்கரின் சம்பளத்தில் அது முடிகிற காரியமா?

பணத்தை விடுங்கள். போலீஸ் இல்லை என்பதற்காக நீங்கள் தேர்ந்தெடுத்த வழி வாய்க்கால் மேடு. விளக்கு இல்லை, தடுப்பு இல்லை, ஒருபக்கம் தண்ணீர், மறுபக்கம் தோட்டங்கள், நம் பக்கத்து வழக்கப்படி சுற்றுச்சுவர் இல்லாத ஒரு கிணறாவது வழியில் இருக்கும். டியூஷன் முடிந்து அவன் திரும்பும்போது இருட்டியிருக்கும். அங்கே விழுந்தால் பார்க்கிறதற்கு ஆள் இருக்காது. உங்களை அவமானப்படுத்திய ஒரு போலீஸ்காரருக்குப் பயந்து பிள்ளையை அந்த வழியில் அனுப்பாதீர்கள் அண்ணா. எக்ஸ்.எல். சாவியை இன்றைக்கே வாங்கி உங்கள் பையில் வைத்துக்கொள்ளுங்கள். டவுன் பஸ் நேரத்துக்குத் தக்கபடி டியூஷன் நேரத்தை மாற்றித் தரும்படி ஆசிரியரிடம் கேளுங்கள், அல்லது அவனுக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுங்கள். வீட்டுக்காரம்மாவுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட ஹெல்மெட் ஒன்றையும் அவர் தலை அளவு பார்த்து வாங்கிவிடுங்கள்.

மனுவை ஒரு பக்கமாகச் சுருக்கி எழுதிய பிறகு எனக்கு அனுப்புங்கள். தபாலில் சேர்க்கும் முன் ஒரு தடவை பார்த்துத் திருத்தித் தருகிறேன்.